கேட்டு வாங்கிய மடல்

1975 நவம்பரில் கணினி அறிஞர் ஜான் போஸ்டல் ஒரு சின்னக் குறிப்பு எழுதினார். இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் காலத்து ஆர்எஃப்சி ஆவண வரிசையில் அதன் எண் 706. குப்பை அஞ்சல் என்ற சிக்கல் அதன் தலைப்பிலேயே இருக்கிறது. வலையமைப்பில் இணைந்த ஒரு கணினி, தனக்கு வருகிற செய்திகளில் எதை ஏற்பது எதை மறுப்பது என்று தானே தேர்ந்துகொள்ள வழியில்லை. வந்ததையெல்லாம் வாங்கித்தான் ஆக வேண்டும். இதற்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்பது அதன் சாரம். கோளாறு பிடித்து ஓயாமல் செய்தி அனுப்பும் கணினியை மட்டும் அவர் சொல்லவில்லை. வெறுமனே எரிச்சலூட்டுவதையும் மறுக்க முடிய வேண்டும் என்றார். விற்பனை மடல் அந்த வலைக்குள் இன்னும் பெரிதாக நுழைந்திராத காலம் அது.

கோளாறைக் கருவி வைத்து அளந்துவிடலாம். எரிச்சல் அப்படியில்லை, அது வாங்குகிறவரின் மனநிலை. ஒரே மடல் எனக்கு எரிச்சல், உங்களுக்கு ஆவல். போஸ்டல் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போனார். ஐம்பது ஆண்டுகளாக அவற்றைப் பிரிக்கத் தெரியாமல்தான் திண்டாடிக்கொண்டிருக்கிறோம். வேடிக்கை என்னவென்றால், 1982இல் மின்மடல் போக்குவரத்துக்கான எஸ்எம்டிபி விதிகளை எழுதியவரும் அதே போஸ்டல்தான். அந்த விதிகளின்படி, அனுப்புகிறவர் தன் பெயர் என்று எதைச் சொல்கிறாரோ அதுவே அவர் பெயர். கேள்வி கிடையாது.

போஸ்டல் குறிப்பு எழுதிய அதே ஆண்டு ஜூனில், அதே வலையமைப்பில், எம்எஸ்ஜி-குரூப் என்ற மடற்குழு தொடங்கியிருந்தது. மின்மடல் எப்படி இருக்க வேண்டும் என்பதை மின்மடலிலேயே பேசித் தீர்க்கும் குழு. ஒருவர் எழுதினால் எல்லாருக்கும் போகும். ஆக, மடற்குழுவும் குப்பை மடல் பற்றிய கவலையும் ஒரே ஆண்டுப் பிள்ளைகள். மூன்றாண்டு கழித்து, 1978 மே 3 அன்று, டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற கணினி நிறுவனத்தின் விற்பனைப் பிரிவைச் சேர்ந்த கேரி துர்க், அமெரிக்க மேற்குக் கரையில் இருந்த சுமார் 400 பேருக்கு, எங்கள் புதிய கணினிகளைப் பார்க்க வாருங்கள் என்று ஒரே மடலை அனுப்பினார். முகவரிகள் பெறுநர் கட்டத்துக்குள் அடங்காமல் மடலின் உடலுக்குள் வழிந்தன. உலகின் முதல் ஸ்பேம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். அதைப் பற்றிய கோபமும் வாதமும் எம்எஸ்ஜி-குரூப்பில் ஓடின.

ஒருவர் எழுதிய மடல் அப்படியே நூற்றுக்கணக்கானவர்களுக்குப் போகிறது என்ற அளவில் துர்க் செய்ததும் மடற்குழு செய்வதும் ஒன்றுதான். குழுவில் இருப்பவர்கள், எனக்கும் அனுப்புங்கள் என்று பெயர் கொடுத்தவர்கள்; அவ்வளவே வித்தியாசம். அந்தப் பெயர் கொடுத்தல் எங்கே பதிவாகியிருக்கிறது? குழு நடத்துகிறவரின் கணினியில் ஒரு பட்டியலில் இருக்கிறது. என் ஞாபகத்தில் இருக்கிறது. பல வருஷம் ஆகிவிட்டால் அங்கேயும் இருக்காது. மடலுக்குள் மட்டும் இல்லை. மடலைப் பிரித்துப் பார்த்து நல்லது கெட்டது சொல்ல வேண்டிய வடிகட்டிக்கு அந்த இரண்டு இடங்களும் எட்டாது. மடற்குழுக்காரர்கள் வடிகட்டியோடு படும் பாடு முழுவதும் இதிலிருந்துதான் கிளம்புகிறது என்று நினைக்கிறேன்.

வடிகட்டியின் இடத்தில் உட்கார்ந்து யோசித்தால் அதன்மேல் கோபம் வராது. மடல் வந்திருக்கிறது. பெறுநர் இடத்தில் என் முகவரி இல்லை, ஏதோ ஒரு குழுவின் முகவரி இருக்கிறது. எழுதியவர் ஒருவர், கொண்டுவந்து கொடுக்கும் கணினி வேறொருவருடையது. அச்சு அசலாக இதே மடல் அதே நொடியில் இன்னும் முந்நூறு பேருக்குப் போகிறது. அடியில் ‘விலக வேண்டுமா, இங்கே சொடுக்குக’ என்று ஒரு சுட்டி. வாரக்கணக்கில் பேச்சே இல்லாத குழுவில், திருக்குறளுக்குப் பரிமேலழகர் உரை பற்றி யாரோ ஒரு வார்த்தை சொல்லிவிட, ஒரே ராத்திரியில் அறுபது மடல் குவிகிறது. இந்த அடையாளங்களை ஒரு தாளில் எழுதி, ஊர் பேர் சொல்லாமல் ஒரு அதிகாரியிடம் கொடுத்தால் அவரும் ஸ்பேம் என்றுதான் எழுதிக் கொடுப்பார்.

வடிகட்டிகள் ஒருகாலத்தில் வெறும் சொல்தடைகளாக இருந்தன. இந்தச் சொல் இருந்தால் தள்ளு, அந்தச் சொல் இருந்தால் தள்ளு. ஸ்பேமைத் தடுப்பதெப்படி என்று பேசுகிற குழுக்களின் மடல்களே, மாதிரிக்காக ஸ்பேமை மேற்கோள் காட்டியதால் ஸ்பேம் பெட்டியில் போய் விழுந்தது உண்டு. 1998இல் மெஹ்ரான் சஹாமியும் உடன் ஆய்வாளர்களும் வேறொரு வழியைக் காட்டினார்கள். 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயப் பாதிரியார் தாமஸ் பேயஸ் விட்டுச்சென்ற நிகழ்தகவுக் கணக்கை மடலுக்குப் பொருத்தும் வழி. 2002 ஆகஸ்டில் பால் கிரஹாம் ‘எ பிளான் ஃபார் ஸ்பேம்’ என்ற கட்டுரையில் அதைத் தெருவுக்குக் கொண்டுவந்தார். நல்ல மடல்கள் ஒரு குவியல், ஸ்பேம் ஒரு குவியல். ஒவ்வொரு சொல்லும் எந்தக் குவியலில் எத்தனை முறை வருகிறது என்று எண்ண வேண்டும். புதிய மடல் வந்தால் அதில் மிகவும் துலக்கமாகப் பேசும் பதினைந்து சொற்களை எடுத்து, அவற்றின் சாட்சியத்தைச் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். விதியை யாரும் எழுத வேண்டியதில்லை, குவியலே கற்றுக்கொடுத்துவிடும்.

அந்தக் கட்டுரையில் எனக்குப் பிடித்தவை இரண்டு. நல்ல குவியலில் வந்த சொல்லை ஒரு முறைக்கு இரு முறையாக எண்ணினார் கிரஹாம். நல்ல மடல் ஒன்று தவறிப்போய் ஸ்பேமாவது, ஸ்பேம் ஒன்று தப்பி வருவதைவிடப் பெரிய கேடு என்பதால் தராசை வேண்டுமென்றே ஒரு பக்கம் சாய்த்து வைத்தார். இன்னொன்று, வடிகட்டி ஆளுக்கு ஒன்றாக இருக்க வேண்டும் என்றது. என் குவியல் என்னுடையது, உங்கள் குவியல் உங்களுடையது. சித்த மருத்துவக் குழுவில் இருக்கிறவருக்கு வீரிய லேகியம் பற்றிய மடல் படிக்க வேண்டிய மடல். மற்றவருக்கு அது தெருவோர விளம்பரம். நான் பெயர் கொடுத்தேன் என்பதை வடிகட்டியால் நேரடியாகத் தெரிந்துகொள்ள முடியாவிட்டாலும், என் குவியலைப் பார்த்து ஊகிக்கவாவது முடியும். சம்மதத்துக்கு அவ்வளவு அருகில் வந்த வடிகட்டி அதற்குப் பிறகு வரவில்லை.

ஏனென்றால் 2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் வந்தது. வடிகட்டி வீட்டுக் கணினியை விட்டுக் கிளம்பி நிறுவனத்தின் கணினிக்குக் குடிபோனது. இனி பெரிய குவியல் எல்லாருக்கும் பொது. கோடிக்கணக்கானவர்கள் எதை ஸ்பேம் என்று அழுத்துகிறார்கள் என்பதிலிருந்து கற்பதால் அதன் கூர்மை மிக அதிகம். இதை மறுக்க முடியாது. ஆனால் அது ஊர் வழக்கைக் கற்ற வடிகட்டி. நானூறு பேர் மட்டும் ஆசைப்பட்டுக் கேட்ட ஒன்று ஊர் வழக்கில் எங்கே வரும்? அதே 2004 ஜனவரியில் டாவோஸில் பில் கேட்ஸ், இன்னும் இரண்டு ஆண்டில் ஸ்பேம் ஒழிந்துவிடும் என்றார். அதைப் பற்றி மேலே எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

மடற்குழுவில் இருக்கிறவர்கள் தாங்களாகச் செய்துகொள்ளக்கூடியது ஒன்று உண்டு. அதைப் பலரும் செய்வதில்லை. ஸ்பேம் பெட்டியில் கிடக்கும் குழு மடலைக் கண்டதும் எழுதியவரின் முகவரியைத் தொடர்புகளில் சேர்ப்பார்கள். பயனில்லை; நாளைக்கு எழுதப்போகிறவர் வேறொருவர். பெறுநர் முகவரியை வைத்து விதி எழுதுவார்கள். குழு முகவரியைப் பெறுநர் இடத்தில் யார் வேண்டுமானாலும் போடலாம், ஸ்பேம் அனுப்புகிறவர் உட்பட. மடலின் கண்ணுக்குத் தெரியாத தலைப்பகுதியில் லிஸ்ட்-ஐடி என்று ஒரு வரி இருக்கும். 2001இல் ஆர்எஃப்சி 2919 அதை வகுத்தது. எந்தக் குழுவின் வழியாக வந்தது என்று குழு தானே எழுதிக்கொள்ளும் பெயர் அது. குழு வேறு கணினிக்கு மாறினாலும் பெயர் மாற வேண்டியதில்லை. ஜிமெயிலில் அந்த வரியை வைத்து ஒரு வடிகட்டு விதி எழுதி, ‘ஒருபோதும் ஸ்பேமுக்கு அனுப்பாதே’ என்பதைத் தேர்ந்தால் போதும். லிஸ்ட்-ஐடியையும் பொய்யாக எழுத முடியாதா? முடியும். சின்னக் குழு ஒன்றின் பெயரைத் தேடிப்பிடித்துப் பொய்யெழுதும் அளவுக்கு அவர்களுக்கு நேரமோ லாபமோ இருப்பதில்லை, அவ்வளவுதான்.

அந்த விதியை எழுதிய நிமிஷத்திலிருந்து நான் நம்புவது வடிகட்டியை அல்ல, மட்டுறுத்துநரை. புதியவர்களின் முதல் மடலை நிறுத்திவைத்துப் படித்துப் பார்த்து அனுப்பும் அந்த மனிதரை. நிறுத்திவைத்த மடல்களில் பெரும்பாலானவை ஸ்பேமாகவே இருக்கும். கூலி இல்லை, நன்றியும் இல்லை. வேலையிலிருந்து வந்து சாப்பிட்டுவிட்டு அதைச் செய்கிறவர். அவர் அசந்த நேரத்தில் ஒன்று நழுவி வந்துவிட்டால் உறுப்பினர் என்ன செய்ய வேண்டும் என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஸ்பேம் என்று அழுத்தத்தான் கை போகும். அழுத்தினால், கற்றுக்கொள்ளும் வடிகட்டி அந்த மடலின் விளம்பரச் சொற்களை மட்டும் ஸ்பேம் குவியலில் சேர்க்காது. குழுவின் பெயர், தலைப்பில் இருக்கும் சதுர அடைப்பு, அடிக்குறிப்பு, விலகல் சுட்டி எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளும். அடுத்த வாரம் நல்ல மடலிலும் அதே அடிக்குறிப்பு வரும். குழு வழியாக வந்த ஸ்பேமை ஒன்றும் சொல்லாமல் அழித்துவிடுவதே நல்லது. வீட்டுக் கணினி வடிகட்டிகள் சிலவற்றில் இந்தக் குழு வரிகளைக் கணக்கில் சேர்க்காதே என்று சொல்ல வசதி இருந்தது. பொது வடிகட்டியிடம் அப்படிப் பேச முடியாது.

தமிழ் மடற்குழுக்களுக்கு இதன்மேல் இன்னொரு வில்லங்கமும் இருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் பாலா பிள்ளை தொடங்கிய தமிழ்.நெட் குழுவில், உலகின் பல மூலைகளில் இருந்தவர்கள் தமிழிலேயே மடல் எழுதிப் பார்த்தார்கள். எழுத்துருவுக்கு எழுத்துரு குறியீடு வேறு. ஒருவர் எழுதியது இன்னொருவருக்குக் கட்டம் கட்டமாகத் தெரியும். அந்தச் சங்கடத்திலிருந்துதான் திஸ்கி என்ற பொதுக் குறியேற்றம் பிறந்தது, அதுவும் மடல் வழியாகவே விவாதித்து. ஸ்விட்சர்லாந்தின் லோசானில் இருந்த கல்யாணசுந்தரமும் நண்பர்களும் 1998 பொங்கலன்று தொடங்கிய, தமிழ் நூல்களை மின்னூலாக்கும் மதுரைத் திட்டம் அதே சுற்றத்தில் முளைத்தது. திஸ்கி, ஆங்கில எழுத்துகளைக் கீழ்ப்பாதியில் அப்படியே விட்டுவிட்டு, மேற்பாதி 128 இடங்களில் தமிழை உட்கார்த்தி வைத்தது. எழுத்துரு இல்லாத கணினியில் அது கொம்பும் புள்ளியும் முளைத்த ரோமன் எழுத்துகளின் உளறலாகத் தெரியும்.

வடிகட்டிக்கும் அப்படித்தான் தெரிந்தது. 2001இல் வந்த ஸ்பேம்அசாசின் என்ற வடிகட்டி ஒவ்வொரு சந்தேகத்துக்கும் ஒரு புள்ளி கொடுக்கும். கூட்டல் ஐந்தைத் தொட்டால் ஸ்பேம். மடல் தலைப்பில் விதிப்படி இருக்கக் கூடாத மேற்பாதி எழுத்துகள் பச்சையாக இருந்தால் அதற்கென்றே ஒரு புள்ளி விதி இருந்தது. திஸ்கியில் தலைப்பு எழுதினால் பல மென்பொருள்கள் அதைப் பச்சையாகத்தான் அனுப்பின. எந்தெந்த எழுத்து முறைகளில் உனக்கு மடல் வரும் என்று கேட்டு வைத்துக்கொள்ளும் வசதியும் அதில் இருந்தது. அந்தப் பட்டியலில் ஜப்பான், கொரியா, ரஷ்யா, தாய்லாந்து, சீனம் உண்டு. தமிழ் இல்லை. யாரும் தமிழை வெறுத்து இப்படிச் செய்யவில்லை. ஸ்பேம் அதிகம் வந்த எழுத்துகளைப் பார்த்துப் போட்ட பட்டியல். தமிழில் யாரும் ஸ்பேம் அனுப்பவில்லை, ஆகவே தமிழ் கணக்கிலேயே வரவில்லை. சந்தேகப்படும் அளவுக்குக்கூட நம்மை யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

ஒருங்குறி வந்தபின் எழுத்து ஒழுங்காகத் தெரிந்தது. சொல் ஒழுங்காகத் தெரியவில்லை. சொற்களைப் பிரித்தெடுக்கும் நிரல்கள் பலவற்றில், எழுத்து என்றால் உயிரும் மெய்யேறிய அகரமும் மட்டுமே. விசிறியும் கொம்பும் புள்ளியும் எழுத்தல்லாத குறிகள். அந்தக் கண்ணுக்குத் ‘தமிழ்’ என்பது ‘தம’, ‘ழ’ என்ற இரண்டு துண்டு. ஆயிரம் மடலைத் துண்டு துண்டாக வெட்டிக் குவியலில் போட்டால் எல்லாத் தமிழ் மடலும் ஒரே மடலாகத்தான் தெரியும். வெட்டாமல் முழுச் சொல்லாக எடுத்தாலும், வேற்றுமையும் காலமும் ஏறிய ஒவ்வொரு வடிவமும் தனித்தனிச் சொல்லாக எண்ணப்படும். ஆங்கிலத்தில் நூறு மடலில் கற்றுக்கொள்வதைத் தமிழில் கற்க இன்னும் பெரிய குவியல் வேண்டும். சின்னக் குழுக்களில் அவ்வளவு குவியலுக்கு எங்கே போவது?

இவையெல்லாம் உள்ளடக்கத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்ன காலத்துப் பாடு. பிறகு காற்று திசைமாறியது. மடலில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, எழுதியவர் அவர்தானா என்று பார்ப்பதில் முனைந்தார்கள். போஸ்டலின் விதிகள் கேட்காமல் விட்ட கேள்வி. இந்த முகவரிக்காக மடல் அனுப்ப இன்னின்ன கணினிகளுக்கே உரிமை என்று அறிவிப்பது எஸ்பிஎஃப். மடலுக்கு ஒரு கணித முத்திரை வைப்பது டிகிம். நடுவில் ஓர் எழுத்து மாறினாலும் முத்திரை உடையும். இவ்விரண்டில் ஒன்றாவது, அனுப்புநர் என்று வாசகர் கண்ணில் படும் முகவரியோடு பொருந்த வேண்டும், பொருந்தாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் முகவரிக்குரிய நிறுவனமே சொல்லலாம் என்றது 2012இல் வந்த டிமார்க்.

2014 ஏப்ரலில் யாஹூ தன் டிமார்க் அறிவிப்பை ‘மறுத்துவிடு’ என்று மாற்றியது. யாஹூ முகவரிகளைப் பொய்யாகப் போட்டு, அந்த முகவரிக்காரர்களின் நண்பர்களுக்கே மோசடி மடல்கள் போய்க்கொண்டிருந்தன. அதைத் தடுக்க எடுத்த முடிவு. அதே மாதம் ஏஓஎல் நிறுவனமும் பின்பற்றியது. மோசடி குறைந்ததோடு உலகெங்கும் மடற்குழுக்களும் முறிந்தன, மின்மடல் விதிகளை எழுதும் ஐஇடிஎஃப் அமைப்பின் சொந்தக் குழுக்கள் உட்பட.

கல்யாண வீட்டில் மொய் எழுதுகிற மேசையை நினைத்துக்கொள்ளலாம். ஒருவர் வந்து பணத்தை நீட்டி, இது சின்னமனூர் மாமாவோடது, அவர் வரமுடியலை, அவர் பேரில் எழுதிக்குங்க என்கிறார். மொய் எழுதுகிறவர் மறுபேச்சில்லாமல் மாமா பெயரில் எழுதுகிறார். மடற்குழு செய்கிற வேலை இதுதான்: இன்னொருவர் பெயரில், இன்னொருவர் கொடுத்ததைக் கொண்டுவந்து சேர்ப்பது. டிமார்க் வந்தபின் மேசையில் இருக்கிறவர், மாமாவே வரட்டும், இல்லை அவர் ஒட்டிய உறை பிரிக்காமல் வரட்டும் என்கிறார். குழுவோ உறையைப் பிரித்தேவிடும். தலைப்பில் குழுப் பெயரைச் சேர்க்கும். அடியில் விலகுவது எப்படி என்று நாலு வரி சேர்க்கும். முத்திரை உடைந்துவிட்டது, கொண்டுவந்த கணினி யாஹூவுடையதும் அல்ல. மடல் திரும்பிவிடும்.

அதற்கடுத்து நடந்ததுதான் அநியாயம். யாஹூ முகவரி வைத்திருப்பவர் எழுதுகிறார். ஜிமெயிலில் இருக்கும் உறுப்பினர்களுக்கு அது போய்ச்சேராமல் திரும்புகிறது. திரும்பிய மடல்களை எண்ணிக்கொண்டிருக்கும் மெயில்மேன் போன்ற குழு மென்பொருள், இந்த ஜிமெயில் முகவரி செத்துவிட்டது போலிருக்கிறது என்று முடிவுகட்டுகிறது. நாளொன்றுக்கு ஒரு புள்ளி, ஐந்து சேர்ந்தால் நிறுத்தம், இங்கேயும் ஐந்துதான். எழுதியவர் குழுவில் இருக்கிறார். ஒரு பாவமும் அறியாத, வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தவர்கள் வெளியே தள்ளப்படுகிறார்கள். குழுவில் பேசாமல் இருப்பவர்கள் நீக்கப்பட்டால் யாருக்கும் தெரியாது. அவர்களும் குழுவில் பேச்சே இல்லை போலிருக்கிறது என்று இருந்துவிடுவார்கள். பெரிய நிறுவனம் ஒன்று தன் சிக்கலுக்குத் தீர்வு கண்டு, செலவைச் சம்பளமில்லாத நடத்துநர்கள் தலையில் இறக்கிவைத்தது என்றுதான் இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது. மோசடியால் பணம் இழந்தவரிடம் இதைச் சொன்னால் அவர் ஒத்துக்கொள்ளமாட்டார் என்பதும் தெரியும்.

2019 ஜூலையில் ஆர்க் என்ற ஏற்பாடு ஆர்எஃப்சி 8617ஆக வந்தது. வழியில் கைமாற்றுகிற ஒவ்வொருவரும், என்னிடம் வந்தபோது முத்திரை சரியாக இருந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பலாம். நல்லதுதான். ஆனால் அந்தச் சாட்சியை நம்புவதா என்பது மறுபடியும் பெறுகிற பெரிய நிறுவனத்தின் விருப்பம். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் கட்டுப்பாடுகளை இன்னும் இறுக்கின. ஒரே நாளில் ஜிமெயில் முகவரிகளுக்கு 5000 மடலும் அதற்குமேலும் அனுப்புகிறவர்களுக்கு டிமார்க் கட்டாயம். விளம்பர மடல்களில் ஒரே சொடுக்கில் விலகும் வசதி வேண்டும். சின்னவர், பெரியவர் எல்லாருக்கும் பொதுவாக, ஸ்பேம் என்று புகார் வரும் விகிதம் 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

0.3 சதவீதம் என்றால் ஆயிரத்துக்கு மூன்று. வங்கிக்கும் துணிக்கடைக்கும் அது தாராளம். ஜிமெயிலில் முந்நூறு உறுப்பினர் உள்ள இலக்கியக் குழுவில் ஒரு மடலுக்கு ஒருவர் அழுத்தினாலே தாண்டிவிடும். அந்த ஒருவர் கெட்ட எண்ணத்தில் அழுத்துவதில்லை. எப்போதோ சேர்ந்தார், ஆர்வம் போய்விட்டது, விலகுவது எப்படி என்று தேடப் பொறுமையில்லை. ஸ்பேம் பொத்தான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது. தனக்கு வேண்டாம் என்று நினைத்து அழுத்துகிறார். இது யாருக்குமே வேண்டாத மடல் என்று கணினி புரிந்துகொள்கிறது. கோளாறு, எரிச்சல் என்ற போஸ்டலின் இரண்டு சொற்களும் ஒரே பொத்தானில் வந்து சேர்ந்துவிட்டன. 1998இலேயே ஆர்எஃப்சி 2369 விலகல் முகவரியை மடலின் தலைப்பகுதியில் வைக்க வகைசெய்திருந்தது. மடல் மென்பொருள்கள் அதைப் பொத்தானாக வெளியே காட்ட எத்தனையோ வருஷம் பிடித்தது. முதலிலேயே காட்டியிருந்தால் இந்தக் கையின் பழக்கம் வேறு மாதிரி ஆகியிருக்கும்.

இதையெல்லாம் தாண்டி என்னை அலைக்கழிப்பது முப்பது நாள் கணக்கு. ஜிமெயிலில் ஸ்பேம் பெட்டிக்குப் போனது முப்பது நாளில் தானாக அழியும். விளம்பரத்துக்கு அது சரி. தமிழில் இணையத்தின் முதல் பத்துப் பதினைந்து ஆண்டுப் பேச்சு மடற்குழுக்களில் நடந்தது. அகத்தியர், மரத்தடி, ராயர் காப்பி கிளப் என்று யாஹூ குழுமங்களில் எழுதிப் பழகியவர்கள் பின்னால் புத்தகம் போட்டார்கள், பத்திரிகைகளில் எழுதினார்கள். கல்வெட்டு வாசிப்பும் கம்பராமாயண விளக்கமும் வசையும் கிண்டலும் அங்கே கலந்துகிடந்தன. யாஹூ 2019 இறுதியில் குழுமங்களில் இருந்த பழைய உள்ளடக்கத்தை அகற்றத் தொடங்கியது. 2020 டிசம்பர் 15 அன்று கடையையே மூடியது. யாராவது முன்கூட்டியே இறக்கி வைத்தவை போக, மிச்சம் இருப்பது உறுப்பினர்களின் மடல்பெட்டிகளில் கிடக்கும் பிரதிகள் மட்டும்தான். மடற்குழுவின் பெரும் பலமே அது: ஒரு மடல் முந்நூறு இடத்தில் பிரதியாகிவிடும், ஓர் இடத்தில் தீப்பிடித்தாலும் மற்ற இடத்தில் இருக்கும். எந்த மடலை வைத்துக்கொள்வது, எதை முப்பது நாளில் எரிப்பது என்பதை முந்நூறு பெட்டியிலும் முடிவுசெய்தவை வடிகட்டிகள். ஒரே பொது வடிகட்டி என்றால், ஒரு பெட்டியில் விழுந்த தவறு முந்நூறிலும் விழும். தமிழை அடையாளம் தெரியாத, கூட்டம் கூட்டமாக வரும் மடலைச் சந்தேகிக்கிற ஒன்று நமக்கு ஆவணக் காப்பாளராக இருந்திருக்கிறது, அதற்கே தெரியாமல்.

எது போனது என்று யாரும் சொல்ல முடியாது. திரும்பிய மடலுக்காவது ஒரு குறிப்பு வரும். ஸ்பேம் பெட்டியில் அழிந்ததற்கு எந்தத் தடயமும் இல்லை. மாதத்துக்கு ஒருமுறை ஸ்பேம் பெட்டியைத் திறந்து, குழுவின் பெயரைப் போட்டுத் தேடி, இருப்பதை எடுத்துவைப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. லிஸ்ட்-ஐடி விதி எழுதினவர்களும் செய்யலாம். குழு வேறு மென்பொருளுக்குக் குடிபெயரும்போது அந்தப் பெயரே சில சமயம் மாறிப்போகும்.

இன்று குழு நடத்துகிறவர்கள் டிமார்க்கைச் சமாளிக்க இரண்டு வழியில் ஒன்றைப் பிடிக்கிறார்கள். அனுப்புநர் இடத்தில் எழுதியவரின் முகவரியை எடுத்துவிட்டுக் குழுவின் முகவரியைப் போட்டு, ‘இன்னார், குழு வழியாக’ என்று பெயரை ஒட்டுவது ஒன்று. மெயில்மேன் இதற்கென்று ஒரு அமைப்பு வைத்திருக்கிறது. பெரும்பாலான குழுக்கள் இதைத்தான் செய்கின்றன. மடல் போய்ச்சேரும். பத்து வருஷம் கழித்து ஒருவர் எழுதியதையெல்லாம் அவர் முகவரியை வைத்துத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. எல்லாம் குழு எழுதியதாக இருக்கும். தனிப்பட்ட முறையில் ஒருவருக்குப் பதில் எழுதுவதாக நினைத்து ஊருக்கே எழுதிவிடும் விபத்தும் இதில் கூடும்.

மற்ற வழி, மடலைத் தொடாமல் விடுவது. தலைப்பில் சதுர அடைப்பு வேண்டாம், அடிக்குறிப்பு வேண்டாம். வந்தது வந்தபடி போகட்டும். எழுதியவரின் டிகிம் முத்திரை உடையாமல் அப்படியே மொய் மேசைக்குப் போய்ச்சேரும், அவர் பெயரும் அவர் முகவரியும் அவருடையதாகவே இருக்கும். நான் இந்தக் கட்சி. சதுர அடைப்பைப் பார்த்துத்தான் குழு மடல் என்று அடையாளம் கண்டுகொள்கிறோம் என்பவர்களிடம் லிஸ்ட்-ஐடியைக் காட்டலாம். அடிக்குறிப்பு போனால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை யாராவது, என்னைக் குழுவிலிருந்து நீக்குங்கள் என்று முந்நூறு பேருக்கும் மடல் போடுவார். உடனே நாலு பேர், இதை எல்லாருக்கும் அனுப்பக் கூடாது என்று எல்லாருக்கும் அனுப்புவார்கள். அடிக்குறிப்பு இருந்த காலத்திலும் இது நடந்துகொண்டுதான் இருந்தது.